வண்டி நின்ற இடம்

ஏறுங்க தம்பி, ஏறுங்க. உடுமலைக்குத்தானுங்களே? நானும் அங்கதான் போறேன். பஸ்ஸை நம்பி நின்னுட்டு இருந்தீங்கன்னா நிக்க வேண்டியதுதான். பையைப் பின்னாடி போட்டுருங்க, பரவால்லீங்க. கதவை இன்னொருக்கா நல்லா இழுத்துச் சாத்துங்க. பழைய வண்டி. ரெண்டாயிரத்தி எட்டு மாடல்.

என்னடா இந்தாளு தானாக் கூப்பிட்டு ஏத்திக்கிறானேன்னு சந்தேகப்படாதீங்க. தனியா ஓட்டறது எனக்கு ஆகறதில்லீங்க. பக்கத்துல ஒரு ஆளு இருந்தாக் கண்ணு ரோட்டுல இருக்கும். இல்லாட்டி கண்ணு இங்கியே வந்து நின்னுக்குது. இங்க பாருங்க, ஸ்டேரிங்குக்கு நேரா, மஞ்சளா ஒரு வெளக்கு எரியுதுங்களா? இஞ்சின் படம் போட்டு? அதேதான். எட்டு மாசமா எனக்கு இதுதானுங்க சோலி.

பயப்படாதீங்க, ஓடும். ஓடறதுல ஒண்ணும் கொறையில்லை. அதுதான் என் தலைவலியே.

என் பேரு மருதாசலம். பொள்ளாச்சிதான். ஸ்பின்னிங் மில்லுல முப்பத்திநாலு வருசம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். மில்லுல ஒரு மிஷினு நின்னுச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னு கண்டுபுடிக்காம நான் ஓட்டி விட்டதில்லீங்க. சும்மா நாலு தட்டுத் தட்டி ஓட்டி விட்டுட்டு, சரி செய்யப்பட்டதுன்னு புஸ்தகத்துல எழுதிட்டுப் போறவனுக நெறையப் பேரு இருந்தானுக. நான் அப்படி எழுதுனதே இல்லை. காரணம் தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுவேன். அதுக்காக மேனேஜருகிட்டத் திட்டு வாங்கியிருக்கறேன். வாங்குனாப் போகுது. தெரியாததைத் தெரியும்னு எழுத எனக்குக் கை வராதுங்க.

இந்த வண்டி என் பையன் ஓட்டிட்டு இருந்தது. நவநீதன்னு பேரு. ஒரே பையன், முப்பத்தொரு வயசு. உடுமலையில பாலிடெக்னிக்ல டிராயிங் சொல்லிக் குடுத்துட்டு இருந்தான். காலையில ஒம்பது மணிக்குக் கெளம்புவான், பொழுதோட ஆறு மணிக்கெல்லாம் வந்துருவான். போக வர அம்பத்தாறு கிலோமீட்டர். போன தை மாசம் பதினெட்டாந்தேதி, வியாழக்கிழமை, காலேஜுக்குப் போறப்ப வண்டி வழியில நின்னு போச்சுங்க. வாய்க்கால் பாலத்துகிட்ட. எறங்கி, ரேடியேட்டருக்குத் தண்ணி எடுக்கலாம்னு வாய்க்காலுக்குப் போயிருக்கறான். கரை பூராவும் சிமெண்டு போட்ட சரிவுங்க, பாசி வேற. கால் வழுக்கிருச்சு. அன்னைக்குன்னு பாத்துத் தண்ணியை முழுசாத் தெறந்து விட்டிருந்தாங்க. மக்கா நாளு வெள்ளிக்கிழமை, கீழ மதகுகிட்டத்தான் கெடச்சான்.

இல்லீங்க, பரவால்லீங்க. நீங்க சங்கடப்படாதீங்க. சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிருச்சு. கேக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்.

இன்ஸ்பெக்டரு நல்ல மனுசனுங்க. என்னை உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒவ்வொண்ணாக் கேட்டாரு. வண்டி ரோட்டோரமா ஒழுங்கா நின்னிருக்குதேன்னாரு. ஆமாங்க, நான்தான் அவனுக்கு ஓட்டப் பழக்குனது, நிக்கப் போற வண்டியை ஒருத்தருக்கும் எடைஞ்சல் இல்லாம ஓரங்கட்டோணும்னு சொல்லித்தான் பழக்குனேன்னேன். கண்ணாடியெல்லாம் ஏத்திப் பூட்டி, சாவியை முன்சக்கரத்து மேல வெச்சிருக்குதேன்னாரு. தண்ணிக்குக் குனியறப்ப சாவி விழுந்துருமேன்னு வெச்சிருப்பான். செல்போனு சீட்டு மேல இருக்குதேன்னாரு. அதுவும் அதுக்குத்தானுங்க, நனைஞ்சுரும். காலேஜ் அடையாள அட்டையைக் கழட்டி, கயித்தைச் சுத்தி, போனு மேல வெச்சிருக்குதேன்னாரு. எம்பையன் எதையும் சுத்தமா வெக்கிறவனுங்க, சின்னதுலயிருந்தே அப்படித்தான். ரெண்டு லிட்டர் பாட்டில்ல நெறையத் தண்ணி இருக்குதே, அப்பறம் எதுக்கு வாய்க்கால் தண்ணின்னாரு. அது குடிக்கிற தண்ணிங்க, அவங்கம்மா காய்ச்சி ஊத்திக் குடுத்தது, அதைக் கொண்டுபோயி ரேடியேட்டர்ல ஊத்த அவனுக்கு மனசு வராது. கையில தண்ணி மோக்க ஏதாச்சும் ஏனம், வாளி கொண்டு போனானான்னாரு. கொண்டு போயிருப்பான், தண்ணியோட போயிருக்கும்.

கடைசியா, பானெட்டைத் தெறக்கவே இல்லையேன்னாரு. வண்டி நின்னுச்சுன்னா யாரா இருந்தாலும் மொதல்ல பானெட்டைத்தானே தெறப்பாங்கன்னாரு. அதைக் கேட்டதும் கையில இருந்த டீ டம்ளரைக் கீழ வெச்சேன். அப்பறம் சொன்னேன். பானெட்டை அவன் தெறக்க மாட்டான், நான் தொட விட்டதில்லை, தொட்டா அதட்டுவேன்னு. நெசந்தானுங்க. அவன் கை வெச்சா எதையாவது கழட்டிப் போட்டுருவான்னு எனக்கு ஒரு இது. முப்பத்தொரு வயசுலயும் தொட விட்டதில்லை.

எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. வண்டி பழுதாகி நின்றதால் தண்ணீர் எடுக்கச் சென்று தவறி விழுந்து, அப்படின்னு. நான் என்ன சொன்னனோ அப்படியே. ஒரு வார்த்தை மறுக்கலை. எழுதி முடிச்சுட்டு என் தோளை ஒருக்காத் தொட்டாரு பாருங்க, அதுதானுங்க எனக்கு ஆகலை. பாவம், போகட்டும்னு எழுதிக் குடுத்த மாதிரி. எனக்குப் பாவம் பாத்து எழுத வேண்டாமுங்க. வண்டி நின்னுச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு தெரியோணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.

ஒம்பது நாளு கழிச்சு ஸ்டேஷன்லயிருந்து வண்டியைக் குடுத்தாங்க. மச்சினன் கூட வந்திருந்தான், என் சம்சாரத்தோட தம்பி. சாவியைப் போட்டுத் திருப்புனேன். ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. மச்சினன் என் மூஞ்சியைப் பாத்தான். நான் சொன்னேன், ஒம்பது நாளா ஆறிக் கெடந்திருக்குதில்ல, சூட்டுல நிக்கிற வண்டி ஆறுனா ஓடத்தான் செய்யும்னு. அப்பத்தான் பாத்தேன், இந்த வெளக்கு. எரிஞ்சுட்டு இருந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க தம்பி, அந்த ஒம்பது நாள்ல எனக்கு அப்பத்தான் மூச்சுன்னு ஒண்ணு வந்துச்சு. இந்தா பாரு, வண்டியே சொல்லுது கோளாறு இருக்குதுன்னு. மச்சினனுக்குக் காட்டுனேன். அவன் சரிங்க மாமான்னான்.

அன்னைக்கே ஆறுச்சாமிகிட்டக் கொண்டு போனேன். பல்லடம் ரோட்டுல பட்டறை வெச்சிருக்கற மெக்கானிக்கு. இருபது வருசப் பழக்கம், என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான். ஸ்டேரிங்குக்கு அடியில ஒரு சாக்கெட்டு இருக்குதுங்க. அதுல ஸ்கேனரைச் சொருகுனா, என்ன கோளாறுன்னு வண்டி நம்பர்ல சொல்லும். கோடுன்னு சொல்றாங்க. பி ஜீரோ ஒன் த்ரீ ஃபைவ். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சைலன்சர் கொழாயில ஒரு சென்சார் இருக்குது. புகையை மோந்து பாத்து, பெட்ரோல் எச்சா கம்மியான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. அது சூடா இருந்தாத்தான் வேலை செய்யும், அதைச் சூடாக்கறதுக்கு உள்ளுக்குள்ள ஒரு கம்பி. அந்தக் கம்பிக்குக் கரண்டு சரியாப் போகலை. அதுதான் அந்த நம்பர்.

ஆறுச்சாமி அப்பவே சொன்னான், அண்ணா, இதுக்கு மைலேஜ் கொஞ்சம் கொறையும், வெளக்கு எரியும், அவ்வளவுதான், வண்டி நிக்காதுன்னு. உன்னால எழுதிக் குடுக்க முடியுமா, எந்தக் காலத்துலயும் நிக்காதுன்னு? அப்படின்னு கேட்டேன். அப்பறம் ஸ்கேனர்ல இன்னொண்ணு காட்டுனான். வெளக்கு எரிய ஆரம்பிச்சதுலயிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குதுன்னு அதுல பதிஞ்சிருக்குமாம். மூவாயிரத்து நூத்தி அறுவது. ஒரு நாளைக்கு அம்பத்தாறுன்னா, லீவு நாளெல்லாம் போக, ரெண்டு மாசத்துக்கும் மேல வருதுங்க. ரெண்டு மாசமா அவன் கண்ணு முன்னாலயே எரிஞ்சுட்டு இருந்திருக்குது. தெனமும் அதைப் பாத்துட்டே போயி, பாத்துட்டே வந்திருக்கறான். ஒருத்தருகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஊட்டுல ஒரு ஃபிட்டரை வெச்சுக்கிட்டு அப்படி என்னங்க, வாயைத் தெறந்து சொன்னா என்ன? எனக்கு அது ஒண்ணுதான் இன்னும் வெளங்கலை.

ஆறுச்சாமி அந்தக் கோடு நம்பரை அழிச்சுக் குடுத்தான். மூணாம் நாளு வெளக்கு வந்துருச்சு. சென்சாரை மாத்துனான். எட்டாம் நாளு வந்துச்சு. கம்பெனி சென்சாரே வரவழைச்சு மாத்துனோம். அஞ்சாம் நாளு. ஃபியூஸ் பாத்தோம், ரிலே பாத்தோம். மீட்டரை வெச்சா பன்னெண்டு வோல்ட்டு ஜம்முனு காட்டுது. வண்டி நின்னுட்டு இருக்கறப்ப எல்லாஞ் சரியா இருக்குது, ஓட ஆரம்பிச்சாக் கோளாறு. நிக்க வெச்சுப் பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் பொட்டியைக் கழட்டிக் கோயமுத்தூருக்குத் தாட்டி விட்டோம். அங்க ஒரு வாரம் வெச்சிருந்து, பொட்டியில ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாசி போயி பங்குனி வந்துருச்சு. சித்திரை வந்துருச்சு. ஊட்டுல பையனுக்கு நூறாம் நாளு சாமி கும்பிட்டாங்க. அன்னைக்கு நான் ஆறுச்சாமி பட்டறையில வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தேன். அன்னைக்குத்தான் அவனுக்கு வேற வேலை இல்லாம இருந்துச்சு, அதை விட்டா இன்னும் பத்து நாளு தள்ளிப் போகும். போயி என்ன பண்ணப் போறேன், படத்துக்கு முன்னால உக்காந்தா வண்டிக் கோளாறு தெரிஞ்சுருமா?

இதுக்கு நடுவுல வாரா வாரம் வியாழக்கிழமை இந்த ரோட்டுல ஓட்டிப் பாப்பேன். ஒம்பது மணிக்குக் கெளம்பி. அவன் எப்படி ஏசி போட்டுட்டுப் போவானோ அப்படியே போட்டு, டேங்குல அன்னைக்கு எவ்வளவு பெட்ரோல் இருந்துச்சோ அவ்வளவே வெச்சு. எத்தனை தடவைங்கறீங்க, முப்பது இருக்கும்.

என்ன கேட்டீங்க? என்கிட்ட நின்னுச்சான்னா?

இல்லீங்க. என்கிட்ட ஒருக்காலும் நிக்கலை.

ஆனா பாருங்க தம்பி, என்கிட்ட நிக்கலைங்கறதுக்காக அவன்கிட்டயும் நிக்கலைன்னு ஆயிருமா? மில்லுல எத்தனையோ மிஷினு அப்படித்தான். ராத்திரி ஷிப்டுக்காரன்கிட்ட நிக்கும், பகல்ல நான் போயி நின்னா சமத்தா ஓடும். அதுவுமில்லாம, அவனே சொன்னானுங்க. அவன் வாயால சொன்னான். அதை நான் இன்ஸ்பெக்டருகிட்டயும் சொன்னேன், ஆறுச்சாமிகிட்டயும் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை. வாசல்ல வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி நான் ஆயில் பாத்துட்டு இருந்தேன். ஏர் ஃபில்டரு பூரா மண்ணு. அதைக் கழட்டித் தட்டிட்டு இருக்கறப்ப, அவன் ஊட்டுக்குள்ள இருந்து வந்து பக்கத்துல நின்னான். சாதாரணமா அவன் அப்படி வந்து நிக்கறவன் இல்லீங்க. நானு பானெட்டுக்குள்ள தலையை விட்டிருந்தா, அவன் தெருவுப் பக்கமே வர மாட்டான். அன்னைக்கு வந்து ரொம்ப நேரம் நின்னான். அப்பறம் சொன்னான்.

"எனக்கு முடியலீங்கப்பா."

நான் ஃபில்டரைப் பாத்துட்டே கேட்டேன். "எப்ப? மேடு ஏறறப்பவா?"

கீழ உதுந்த மண்ணைக் காலால ஒதுக்கி விட்டான். அப்பறம், "ஆமாங்கப்பா. மேடு ஏறறப்பத்தான்"னான்.

அப்படின்னா பிக்கப்பு இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? மேட்டுல இழுக்காத வண்டி நிக்கறதுக்கு எத்தனை நேரம் ஆகும்? நான் சொன்னேன், ஃபில்டரு அடைச்சிருந்தா அப்படித்தாண்டா இருக்கும், வண்டியை ஒழுங்காப் பாத்துக்கத் தெரியலை உனக்கு, பாலிடெக்னிக்ல என்னத்தச் சொல்லிக் குடுக்கறயோன்னு. வெளக்கு எரிஞ்சதை அன்னைக்கு நான் கவனிக்கலீங்க. சாவி போடாம பானெட்டை மட்டுந்தான் தெறந்திருந்தேன். சாவியைப் போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அது என் தப்புத்தான், ஒத்துக்கறேன். அவன் தலையை ஆட்டிட்டு, வாளியில இருந்து தண்ணி மோந்து, நான் கை கழுவறதுக்கு ஊத்துனான். பதினெட்டு, பத்தொம்பது நாளு கழிச்சுத்தான் வண்டி நின்னுச்சு. ஃபில்டரை நான் சுத்தம் பண்ணிப் போட்டும் நின்னிருக்குதுன்னா வேற என்னமோ கோளாறுன்னுதானுங்களே அர்த்தம்? இதைச் சொன்னா இன்ஸ்பெக்டரு எழுதறதை நிறுத்திட்டு என்னையே பாத்துட்டு இருக்கறாரு.

மத்தபடி அவனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. வேலை இருந்துச்சு. கெட்ட சகவாசம் கெடையாது. பொண்ணு பாத்துட்டு இருந்தோம், ரெண்டு எடம் வேண்டாம்னுட்டான், அது எல்லாப் பசங்களும் பண்றதுதானே. தூக்கம் கொஞ்சம் கம்மி. சாப்பாடு முன்ன மாதிரி இல்லைன்னு அவங்கம்மா சொல்லிட்டு இருந்தா. மார்கழியில அவன் பைக்கை ஒரு சிநேகிதனுக்குச் சும்மாவே குடுத்துட்டான். கார் இருக்கறப்ப பைக்கு எதுக்குன்னு குடுத்திருப்பான். அன்னைக்குக் காலையில போறப்ப, வழக்கமில்லாம சமையக்கட்டுக்குள்ள போயி அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போனானாம். அதை அவ ஒரு பெரிய விசயமாச் சொல்லிட்டு இருந்தா. நான் சொன்னேன், பெத்தவகிட்டச் சொல்லிட்டுப் போறது ஒரு அதிசயமா?

இருங்க தம்பி. இந்தா, தெரியுது பாருங்க. அதுதான் பாலம். சித்த நேரம் பேச வேண்டாம்.

ம்.

தாண்டிட்டோம்.

எங்க விட்டேன்? ஆமாங்க, ஆறுச்சாமி. வைகாசி மாசம் கண்டுபுடிச்சுட்டானுங்க. அவன் லேசுப்பட்ட ஆளில்லை. இஞ்சினுக்குப் பின்னால, கண்ணுக்கே தெரியாத எடத்துல, சென்சாருக்குப் போற ஒயரு சைலன்சர் தகரத்து மேல ஒரசிட்டு இருந்திருக்குது. மேல் ரப்பரு உருகி, உள்ளுக்குள்ள கம்பி அறுந்து, மயிரிழையில தொட்டுட்டு நின்னிருக்குது. வண்டி சூடாகிக் குலுங்குனா விட்டுப் போகும், நின்னாத் தொட்டுக்கும். என்னைக் கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டுனான். அறுந்த ஒயரை வெட்டியெடுத்து, புது ஒயரு போட்டு ஈயத்தால பத்த வெச்சு, மேல ரப்பர் ஸ்லீவ் போட்டு, தகரத்துல படாம வளைச்சுக் கட்டுனான். வேலைன்னா அதுதானுங்க வேலை. நானே அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்.

வெளக்கு அணைஞ்சுருச்சு. மூணாம் நாளு வரலை. எட்டாம் நாளு வரலை. இருபது நாளு ஆச்சு, வரலை.

அந்த இருபது நாளும் நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியலை தம்பி. காலையில எந்திரிச்சதும் போயி சாவியைப் போட்டுப் பாப்பேன். இஞ்சின் படம் ஒரு நிமிசம் மின்னிட்டு அணைஞ்சு போகும். அப்படியே உக்காந்திருப்பேன். வேலை முடிஞ்சுருச்சுன்னா ஃபிட்டருக்குச் சந்தோசமாத்தானே இருக்கோணும்? கோளாறு என்னன்னு தெரிஞ்சுருச்சு, சரி பண்ணியாச்சு. ஆனா ஆறுச்சாமி ஒயரைக் காட்டுறப்பவே மறுபடியும் சொன்னான், இது அறுந்தா வெளக்குத்தான் எரியும் அண்ணா, வண்டி நிக்காதுன்னு. அப்ப எது நிறுத்துச்சு? அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

இருபத்தொண்ணாம் நாளு காலையில என் சம்சாரம் வந்து இந்தச் சீட்டுல உக்காந்தா. நீங்க இருக்கறீங்களே, அதே சீட்டு. சம்பூரணம்னு பேரு. அவன் போனதுலயிருந்து இந்த வண்டியில அவ ஏறுனதே இல்லீங்க. வெளக்கு எரியாததைப் பாத்தா. சரியாப் போச்சுங்களான்னு கேட்டா. போச்சுன்னேன். இனியாவது ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க, ரெண்டு பேரும் ஒருக்கா அவனை நெனச்சு அழுகலாம், நான் ஒருத்தியே அழுதுட்டு இருக்கறேன்னா. நான் சொன்னேன், அழுதா ஆச்சா, வண்டி ஏன் நின்னுச்சுன்னு இன்னும் தெரியலையேன்னு.

அவ என் பக்கம் திரும்பலை. கண்ணாடியைப் பாத்துட்டே சொன்னா.

"வண்டி நிக்கலீங்க. அவன் நிறுத்துனானுங்க."

அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வருசத்துல அவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. சொல்லிட்டு எறங்கி, கதவை மெல்லச் சாத்திட்டு உள்ள போயிட்டா. நான் அவளைக் குத்தம் சொல்லலை. பொம்பளை, படிச்சவ இல்லை, மிஷினைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? மனசு தாங்காம என்னமோ சொல்லிட்டா.

மக்கா நாளு நான் பானெட்டைத் தெறந்து, ஆறுச்சாமி பத்த வெச்ச எடத்துக்குக் கையை விட்டு, சென்சாரோட பிளக்கைப் புடுங்கி விட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நான் சொல்றதைக் கேளுங்க. வெளக்கு அணைஞ்சுருச்சுங்கறதுக்காகக் கோளாறு போயிருச்சுன்னு அர்த்தமா? அடியில வேற ஒரு பெரிய கோளாறு இருந்து, அது வெளிய வராம இந்த ஒயரு வேலை மூடிட்டு இருந்தா? மில்லுல அப்படி நடந்திருக்குது. தெறந்து விட்டாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். சாவியைப் போட்டு ஓட்டுனேன், கொஞ்ச தூரத்துல வெளக்கு வந்துருச்சு. அதைப் பாத்ததும் எனக்கு... என்னன்னு சொல்றது. ஊருக்குப் போனவங்க திரும்பி வந்த மாதிரி இருந்துச்சுங்க.

ஆறுச்சாமிகிட்டக் கொண்டு போனேன், மறுபடியும் வந்துருச்சுடா பாருன்னு. பிளக்கைப் புடுங்குனதை நான் சொல்லலை. சொன்னா அவன் அதை மட்டும் மாட்டிட்டு அனுப்பிருவான். அவன் டார்ச்சை எடுத்துக் குனிஞ்சு பாத்தான். ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தான். கையை விட்டு அழுத்துனான், டக்குனு சத்தம் கேட்டுச்சு. பானெட்டைச் சாத்துனான். கையைத் தொடைச்சுட்டு வந்து எனக்கு ஒரு சேரை இழுத்துப் போட்டான். கோவப்படலீங்க. கோவப்பட்டிருந்தாப் பரவால்லை.

"அண்ணா, இனி இந்த வண்டியை என்கிட்டக் கொண்டு வராதீங்க. இதுல நான் பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க அண்ணா."

சொல்லறப்ப அவன் கண்ணு கலங்கிருச்சு. பட்டறையில அத்தனை பேரு முன்னால. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு, ஒரு மெக்கானிக்கு தன்னால முடியலைன்னு ஒத்துக்கறதுக்கு அழுகோணுமா? சரி விடு ஆறுச்சாமி, எல்லாருக்கும் எல்லாமும் தெரியாதுன்னு தேத்திட்டு வந்தேன். பாதி வழியில நிறுத்தி, பிளக்கை மறுபடி கழட்டி விட்டேன்.

சம்பூரணம் ஆடி நோம்பிக்குன்னு அவ தம்பி ஊட்டுக்குப் போனா. பல்லடத்துக்கு அக்கட்ட. நோம்பி முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, இப்பப் புரட்டாசியே பொறந்துருச்சு. தம்பி ஊட்டுல ஆளுக நெறைய, பேச்சுத்தொணை இருக்குது, இருந்துட்டு வரட்டும். பையன் படத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா. செவுத்துல ஆணி இருக்குது. போன வாரம் மச்சினன் போன் பண்ணி, மாமா நீங்களும் இங்க வந்து கொஞ்ச நாளு இருங்கன்னான். வர்றேன், இந்த வேலை ஒண்ணு முடியட்டும்னேன். பின்னால அவ பேசற சத்தம் கேட்டுச்சு. என்ன சொல்றான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லீங்க மாமா, சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்கன்னான்.

இப்ப உடுமலையில ஒருத்தரு இருக்கறாராமுங்க. பெரிய ஸ்கேனரு வெச்சிருக்கறாராம். வண்டி ஓடறப்பவே என்னென்ன நடக்குதுன்னு கோடு கோடா வரைஞ்சு காட்டுமாம். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாரு. பழைய கதையெல்லாம் அவருகிட்டச் சொல்லப் போறதில்லீங்க. பையன் விசயமும் சொல்லப் போறதில்லை. சொன்னா எல்லாரும் வண்டியை விட்டுட்டு என்னைப் பாக்க ஆரம்பிச்சர்றாங்க. வண்டி சூட்டுல நிக்குது, ஏன்னு பாருங்கன்னு மட்டும் சொல்லப் போறேன்.

ஆச்சு, உடுமலை வந்தாச்சு. பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிக்கிறீங்களா? இப்படி ஓரமா நிறுத்தறேன்.

ஒரு நிமிசம் இருங்க தம்பி. ஒண்ணு கேக்கோணும். இத்தனை தூரம் என்கூட வந்திருக்கறீங்க. உங்களுக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது. வழியில எங்கியாச்சும், வண்டி ஒரு இழுப்பு இழுத்த மாதிரி, லேசாத் திக்குன மாதிரி, உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா? ஓட்டறவனுக்குச் சில சமயம் தெரியாது, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியும். அவசரமில்லை. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க.

தெரிஞ்சுதுங்களா? எங்க?

பாலத்துகிட்டயா.

நீங்க நல்ல மனுசன் தம்பி. உங்களைப் பெத்தவங்க நல்லா இருக்கோணும்.

இல்லீங்க. பாலத்துகிட்ட ஒண்ணும் இல்லை. நான் இஞ்சின் சத்தத்தைத்தானே கேட்டுட்டு வந்தேன். ஒரு திக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அந்த எடத்துல வண்டி எப்பவுமே நல்லாத்தானுங்க ஓடுது.